சுண்ணாம்புச் சாயிப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். மாலையில் இரண்டு அமெரிக்கர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற முன்ஷி வேலை. மதம் பரப்ப வந்தவர்கள். ஆனால் நம் ஊருக்கு ஏற்கெனவே பழக்கமான பாதிரிமார் வகையில் சேராதவர்கள். மார்மன் என்று சொல்லிக்கொண்டார்கள். இருவருக்கும் வயது இருபதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். ஒருவருக்கு மீசை அரும்பியிருந்தது, மற்றவருக்கு அதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் சபை வழக்கப்படி ஒருவரையொருவர் 'மூப்பர்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு என் மனைவி அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். பெரிய மூப்பர், சின்ன மூப்பர் என்று பிரித்துப் பெயர் வைத்தவளும் அவள்தான்.

அதே நாள் அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் கைகூப்பி, வேண்டாம் என்றார்கள். தேயிலை போடட்டுமா என்றாள். அதுவும் ஆகாது. மதுவும் புகையிலையும் எப்படி ஆகாதோ அப்படியே காப்பியும் தேயிலையும் ஆகாதாம். பாலக்காட்டுப் பக்கத்துச் சம்பந்திக்கே கொடுக்காத முதல் டிக்காஷன் அது. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த சீரக வெள்ளம் கொடுத்துப் பார்த்தாள். இருவரும் செம்பைக் காலி செய்தார்கள். அன்றிலிருந்து அவர்களை அவள் ஏதோ விரதக்காரர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அவர்களுடைய வேலை நடக்கவே இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மழையிலும் வெயிலிலும் இருவராகவே நடப்பார்கள். சாலை என்கிற கடைவீதியில் தமிழ் வியாபாரிகள் மரியாதையாக உட்காரவைத்து, முழுவதும் கேட்டுவிட்டு, "நல்ல காரியம் சொன்னீக" என்று வழியனுப்பிவிடுவார்கள். ஒருமுறை போனக்காட்டுக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டத்தில் நம் தமிழ் ஜனங்களைக் கூட்டிவைத்து, தேயிலை குடிப்பது தேவனுக்குப் பிரியமில்லை என்று பேசியிருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை எழுந்து, "நாங்க பறிக்கிறத ஊர்ல யாரும் குடிக்கலேன்னா எங்க கஞ்சிக்கு நீங்களா வருவிய?" என்று கேட்டாளாம். அதற்குப் பதில் என்ன சொல்லலாம் என்று திரும்பி வந்து என்னிடம் கேட்டார்கள்.

அவர்கள் குடியிருந்தது கரமனையில் ஒரு வீடு. பின்புறம் பெரிய ஏழிலைப்பாலை மரம். மரத்தில் யட்சி இருப்பதாகப் பேச்சு, அதனால் வெகுநாளாக யாரும் குடிவராத வீடு என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் பி.ஏ. தேறியவன். யட்சியாவது கிட்சியாவது. இருந்தாலும் பாடத்தை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அதற்குக் காரணம் என் வீட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பது மட்டுமே.

விஷயத்தை உடைத்தவள் என் மனைவி. பிறந்ததும் வளர்ந்ததும் நாஞ்சில்நாடு. யட்சிக் கதைகளை ஊர் எல்லைக் கணக்கோடு தெரிந்தவள்.

"அந்தப் பாலை மரத்து வீட்லயா இருக்கிய? ஐயோ தம்பி, அது அவ இருக்கப்பட்ட இடமாக்கும்" என்றாள்.

யார் அவள் என்று சின்ன மூப்பர் கேட்டார். அவ்வளவுதான், பாடம் அன்றைக்கு முடிந்தது. வெள்ளைச் சேலை கட்டி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, வழியில் தனியாகப் போகிற ஆணிடம் "கொஞ்சம் சுண்ணாம்பு தருமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். கையால் கொடுத்தானோ போச்சு. பனைமரத்தை மாளிகை என்று காட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். மறுநாள் அடியில் பல்லும் நகமும்தான் கிடக்கும். விவரம் தெரிந்தவன் சுண்ணாம்பைக் கத்தி முனையிலோ ஆணி முனையிலோ வைத்து நீட்டுவான். இரும்பைக் கண்டால் அவள் கிட்ட வரமாட்டாள். இத்தனையும் சொல்லி, என் மனைவி ஓர் இரும்பாணியையும் எடுத்துவந்து சின்ன மூப்பர் கையில் வைத்தாள்.

பெரிய மூப்பர் சங்கடமாக நெளிந்தார். அவர் நல்லவர். ஆனால் எதையும் சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிற ஆள். சின்ன மூப்பரோ ஆணியை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். பிறகு நான் சொல்லிக்கொடுத்த இலக்கணத் தமிழில், "அக்கா, இவரைப் போன்றவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு" என்றார்.

அவர் சொன்னது இது. அவர்கள் வேதத்தில் சாவே இல்லாத மூன்று சீடர்கள் இருக்கிறார்களாம். உலகம் முடியும்வரை அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்களாம். அவருடைய ஊர் உப்பு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற வறண்ட சீமை. பஞ்ச காலத்தில் அவருடைய பாட்டனார் வீட்டு வாசலில் ஒரு கிழவர் வந்து நின்று ஒரு துண்டு ரொட்டி கேட்டாராம். இருந்த மாவைத் திரட்டிச் சுட்டுக் கொடுத்தார்கள். இந்த வீட்டில் மாவு குறையாது என்று சொல்லிவிட்டுக் கிழவர் படி இறங்கினார். எட்டிப் பார்த்தால் ஆளும் இல்லை, விழுந்து கிடந்த பனியில் கால் சுவடும் இல்லை. அந்தப் பக்கத்தில் இந்த மாதிரிக் கதை இல்லாத வீடே கிடையாதாம். கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன வீடுகளின் கதையும் உண்டாம். அதை மெல்லிய குரலில்தான் சொல்வார்களாம்.

என் மனைவி முழுவதும் கேட்டாள். "மூணு பேர்தானா? எங்களுக்குச் சாகாதவங்க ஏழு பேரு. அதுல ஒருத்தரு மாவேலி. வருஷா வருஷம் ஓணத்துக்கு வந்திட்டுப் போறாரு, கேட்டியளா" என்றாள். இரண்டு தேசங்களுக்கு நடுவே போட்டி என்று வந்தால் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

சின்ன மூப்பர் அதையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். மனிதனையே தூக்கிக்கொண்டு போகிற பலம் உள்ளவர் எதற்காகத் துளி சுண்ணாம்பு கேட்க வேண்டும்? அவர்கள் ஊர்க் கிழவரும் துண்டு ரொட்டிதான் கேட்டார். பெரியவர்கள் சின்னப் பொருளைத்தான் கேட்பார்கள், அது சோதனை. "நீங்கள் இரும்பை நீட்டுகிறீர்கள். ஒருவரிடம் பொருளைக் கத்தி முனையில் வைத்து நீட்டினால் அவருக்குக் கோபம் வராதா? பயப்படாமல் கையால் யாராவது ஒருமுறை கொடுத்திருக்கிறார்களா?"

"கையால குடுத்தவன் எவன் திரும்பி வந்து சொல்லதுக்கு?" என்றாள் என் மனைவி. ஆனால் அவள் குரலில் சுருதி இறங்கிவிட்டது. படுக்கப்போகும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தம்பி சொல்லதும் ஞாயந்தானே, ஏங்க?"

மறுநாள் சின்ன மூப்பர் ஆணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாத்திரக் கடையில் ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பி வாங்கி, நிறைய நீற்றிய சுண்ணாம்பு அடைத்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வெற்றிலையைத் தொடாத மனிதர் சுண்ணாம்பு டப்பியோடு அலைவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழியில் எந்தப் பெண் சுண்ணாம்பு கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அவர் தீர்மானம்.

யட்சி கேட்டாளோ இல்லையோ, விழிஞ்ஞத்திலிருந்து மீன் கூடை சுமந்து வருகிற பெண்கள் கேட்டார்கள். சாலைக் கடைவீதியில் கறிகாய் விற்கிறவர்கள் கேட்டார்கள். வெற்றிலை மெல்லுகிற கூட்டத்தில் யாரிடமாவது எப்போதும் சுண்ணாம்பு தீர்ந்துபோயிருக்கும். ஒரு வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றி, "தாயே, தங்களுக்குப் போதுமா? இன்னும் சற்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினால் யாருக்குத்தான் வாங்கத் தோன்றாது? சுண்ணாம்பு வைத்திருந்தவர்களும் தங்கள் டப்பியை மடியில் ஒளித்துக்கொண்டு அவரிடம் கேட்டார்கள். வெள்ளைக்காரன் என்றால் அந்த ஊரில் சாயிப்பு; அவருக்குச் 'சுண்ணாம்புச் சாயிப்பு' என்று பெயரே விழுந்துவிட்டது. அவரைப் பற்றிக் கதைகளும் கிளம்பின. யட்சியே அவரிடம் சுண்ணாம்பு வாங்கிப்போட்டு, மரத்தைவிட்டு இறங்கிப் போய்விட்டாளாம். அவரை ஒரே நாளில் கடற்கரை விழிஞ்ஞத்திலும் மலைமேல் போனக்காட்டிலும் பார்த்தார்களாம். இதை என் மனைவி என்னிடமே நம்பிக்கையோடு சொன்னாள். அன்று விடுமுறை, அவர் காலையிலிருந்து நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வேற்றுமை உருபு படித்துக்கொண்டிருந்தாரே என்றேன். அது தனக்கும் தெரியும் என்றாள்.

எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெற மட்டும் ஒருவரும் முன்வரவில்லை.

அப்போதுதான் அவர்களுடைய தலைவர் வருகிறார் என்று தகவல் வந்தது. வடக்கே எங்கோ இருந்து வந்து பார்த்து, இருவரும் தங்களுக்கு விதித்த தவணை முடியும்வரை இங்கே இருக்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்று முடிவுசெய்வார். சின்ன மூப்பர் அன்று பாடத்தில் மனம் வைக்கவில்லை. துருவிக் கேட்டதும் சொன்னார். அவர்கள் ஊரில் ஒரு பையன் மத வேலைக்குப் புறப்பட்டால் ஊரே கூடி வழியனுப்புமாம். தவணை முடிந்து திரும்பினால் ஊரே கூடி வரவேற்குமாம். நடுவில் திருப்பி அனுப்பப்பட்டவனை ஒன்றும் சொல்லமாட்டார்களாம். கோயிலில் அவன் அம்மா உட்கார்ந்திருக்கிற பெஞ்சை மட்டும் பார்க்கமாட்டார்களாம். அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான்.

தலைவர் வந்தார். அறுபது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம், உழவர் கை. கர்வம் இல்லாத மனிதர். எனக்குப் பிடித்துப்போயிற்று, அதனால்தான் பின்னால் கோபம் அதிகமாக வந்தது. சாலைக் கடைவீதியைப் பார்க்க வேண்டும் என்றார். மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். மொழிபெயர்ப்பில் நான் கறாரான ஆள். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அரிசி மண்டி தாண்டுவதற்குள் நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "சாயிப்பே, இத்திரி சுண்ணாம்பு தா மக்களே!" கொஞ்சம் என்பதற்கு அங்கே இத்திரி. சின்ன மூப்பர் முகம் மலர்ந்து டப்பியைத் திறந்தார். தலைவருக்கும் சந்தோஷம். ஜனங்கள் இவ்வளவு அன்பாக இருக்கிறார்களே, அது என்ன மருந்தா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பெரிய மூப்பர், "சுண்ணாம்பு. வெற்றிலையோடும் புகையிலையோடும் சேர்த்து மெல்வார்கள்" என்றார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, என்ன செய்வது?

தலைவரின் முகம் மாறியது. புகையிலையைத் தொடக் கூடாது என்று சொல்ல அனுப்பின ஆள், ஊர் முழுக்கப் புகையிலை மெல்லுவதற்குச் சுண்ணாம்பு விநியோகம் செய்துகொண்டிருக்கிறார்!

என் வீட்டுக் கூடத்தில்தான் விசாரணை நடந்தது. சின்ன மூப்பர் யட்சிக் கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். தலைவர் குறுக்கிடாமல் கேட்டார். சாவில்லாத அந்த மூன்று பேரின் கதை வந்தபோது மட்டும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு கையை நீட்டி, "டப்பியைக் கொடுங்கள்" என்றார். சின்ன மூப்பர் கொடுத்துவிட்டார். தலைவர் அதைத் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி யாருக்கும் இதைக் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுங்கள். தவணை முடியும்வரை இங்கேயே இருக்கலாம்."

வாக்குத்தானே, கொடுத்துத் தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன். சின்ன மூப்பர் எழுந்து நின்றார். "என்னால் முடியாது, ஐயா. இத்தனை பேரில் ஒருவர் அவராக இருந்து, நான் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?"

"அப்படியானால் நாளைக் காலை வண்டியில் என்னோடு புறப்படுங்கள்" என்றார் தலைவர். அவர் குரலிலும் மகிழ்ச்சி இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சபைத் தலைவர்மேல் கோபம், உண்மை பேசிய பெரிய மூப்பர்மேல் கோபம், வாக்குக் கொடுக்காத சின்ன மூப்பர்மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம். என் மனைவி அதற்கெல்லாம் நேரம் செலவழிக்கவில்லை. அழுதுகொண்டே நேந்திரங்காயைச் சீவி உப்பேரி வறுத்தாள். கப்பல் போய்ச் சேரும்வரை வரவேண்டுமே என்று ஒரு தகர டின் நிறைய வறுத்தாள்.

காலையில் தம்பானூர் ஸ்டேஷன். பெரிய மூப்பர் சாமான்களை ஏற்றப் போயிருந்தார். தலைவரும் சின்ன மூப்பரும் நானும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஏற்றுமதிக்கு வாழைக்குலைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்திருந்தார்கள். சின்ன மூப்பர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தால் மேலே பார்ப்பார்களே, அப்படி.

அப்போது ஒரு கிழவி வந்தாள். வெள்ளை முண்டு, நரைத்த தலை, கையில் பாதி மடித்த வெற்றிலை. எந்தச் சாயிப்பு என்று அவள் பார்க்கவில்லை. சாயிப்பு என்றால் சுண்ணாம்பு இருக்கும் என்பது அதற்குள் ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. நேரே தலைவரின் முன்னால் போய் நின்றாள்.

"இத்திரி சுண்ணாம்பு தா மக்களே."

தலைவர் என்னைப் பார்த்தார். "என்ன கேட்கிறார்?"

"கொஞ்சம் சுண்ணாம்பு கேட்கிறார்."

அவர் அசையாமல் நின்றார். கிழவியும் அசையவில்லை. வெற்றிலை பிடித்த கை நீட்டினபடியே இருந்தது. தலைவரும் அந்த உப்பு ஏரிக்கரைச் சீமையில் வளர்ந்தவர்தானே, அவர் வீட்டிலும் யாராவது மெல்லிய குரலில் அந்தக் கதைகளைச் சொல்லியிருப்பார்கள்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் வேர்வை பொடித்தது அவருக்கு. பிறகு அவருடைய கை மெல்லக் கோட்டுப் பைக்குள் போனது. டப்பியை எடுத்துத் திறந்து, தம் கையாலேயே நீட்டினார். தொப்பியையும் கழற்றினார்.

கிழவி விரலால் வழித்து வெற்றிலையில் தடவிக்கொண்டாள். "நல்லா இருக்கணும் மக்களே" என்றாள்.

"என்ன சொன்னார்?"

"நன்றாக இருக்க வேண்டும், மகனே என்கிறார்."

அறுபது வயது மனிதருக்கு அது தாங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடையில் ஒரு போர்ட்டர் தலையில் பெட்டியோடு எங்களுக்குக் குறுக்கே போனான். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது கிழவி இல்லை. இப்படியும் அப்படியும் திரும்பினார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எங்கே போனார் அவர்? முன்ஷி, நீங்கள் பார்த்தீர்களா?"

பார்த்தேன். வாழைக்குலை அடுக்குக்குப் பின்னால், காலை நீட்டி உட்கார்ந்து, தன் மருமகளிடம் ரயில் கூட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. நானும் சின்ன மூப்பரும் நின்ற இடத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

"காணோம், ஐயா" என்றேன்.

வண்டி மணி அடித்தது. தலைவர் பெரிய மூப்பரைக் கூப்பிட்டு, "இவருடைய பெட்டியை இறக்கிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். ஏறி உட்கார்ந்துவிட்டு, ஜன்னல் வழியாகச் சின்ன மூப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அது அவர்கள் இருவருக்கும் உள்ளது. நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அழுகை வந்தது, ஆனால் பி.ஏ. வாத்தியார் பிளாட்பாரத்தில் அழுதால் பிள்ளைகளின் தகப்பன்மார் யாராவது பார்ப்பார்கள்.

வண்டி போன பிறகு சின்ன மூப்பர் என்னிடம் வந்தார்.

"முன்ஷி அவர்களே, அவர் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்?"

"அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்."

"நீங்கள் காணோம் என்றீர்கள்."

"நான் உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவன். சாட்சி சொல்ல வந்தவன் இல்லை" என்றேன். "நீங்களும்தான் பக்கத்தில் நின்றீர்கள். வாயைத் திறந்தீர்களா?"

அவர் யோசித்தார். "என்னை அவர் கேட்கவில்லையே" என்றார். சொல்லிவிட்டு, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு சிரித்தார். முந்தின நாள் என் வீட்டுக் கூடத்தில் காணாமல் போயிருந்த சிரிப்பு அது.

கிழவி குலைகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மருமகளுக்கும் வெற்றிலை மடித்தாயிற்றுபோல. "மக்களே, இவளுக்கும் இத்திரி தா" என்றாள். சின்ன மூப்பர் பழக்கத்தில் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். வலதுபக்கம் பார்த்தார், இடதுபக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

டப்பியைத் தலைவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அது அவருடைய பையில், கொல்லம் வண்டியில், போய்க்கொண்டிருந்தது.